அமெரிக்க நாட்டுப்புற இசைஞரும் வாணிக ஆட்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உழவரும் தொழிலாளரும் தம் இல்லங்களிலும் தேவாலயங்களிலும் பாடிவந்த இசையின் வழிவந்தது 'கன்ட்ரி' என்னும் நாட்டுப்புற இசை. அது விற்பனைப் பொருளானபொழுது, பாடுவோர் எவருடைய ஆட்சிக்கு உட்பட்டனர் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாட்சி பாட்டுரிமை, மேடை, ஒலிப்பதிவுக்கூடம் என்னும் மூன்றிடத்தும் வேரூன்றியிருந்தது.

முதற்கண் பாட்டுரிமையை நோக்குவோம். 1927-ஆம் ஆண்டில் விக்டர் நிறுவனத்தின் பொருட்டு ரால்ஃப் பியர் என்பார், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவு நிகழ்த்தினார். ஜிம்மி ராட்ஜர்சும் கார்ட்டர் குடும்பத்தாரும் முதன்முதல் பதிவு செய்யப்பெற்றது அங்கேயே. பாடியோர் பாட்டொன்றுக்கு 50 டாலரும் விற்பனையில் சிறு பங்கும் பெற்றனர். பியரோ நிறுவனத்திடம் ஊதியம் வேண்டிலர். பாட்டுகளின் பதிப்புரிமையையே வேண்டினார். நெடுங்காலம் பயன் தந்தது அவ்வுரிமையே என்பது ஈண்டு அறியத்தக்கது.

அடுத்து மேடை. நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையம் 1925-இல் தொடங்கிய நிகழ்ச்சி, பின்னர்க் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' எனப் பெயர்பெற்றது. அதன் உறுப்பினர் ஆண்டிற்கு 26 முறை அங்குத் தோன்றுதல் வேண்டும் என்பது 1960-களில் நிலவிய விதி. நிகழ்ச்சிக்குரிய சனிக்கிழமை இரவே வெளியூர்க் கச்சேரிகளில் மிக்க வருவாய் தருவதும் ஆகும். ஆப்ரி அளித்ததோ சிறுதொகை. 1964 டிசம்பரில், விதி தவறியமை பற்றிக் கலைஞர் பன்னிருவர் நீக்கப்பெற்றனர். புகழை நல்கிய மேடையே பொருளீட்டும் வழியை அடைத்தது.

மூன்றாவது ஒலிப்பதிவுக்கூடம். எப்பாட்டைப் பாடுவது, எக்கருவியாளரைக் கொள்வது என்பவற்றைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே முடிவு செய்தனர். ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் தம் கலைஞர் தம் கூடத்திலேயே பாடுதல் வேண்டும் எனவும் வரையறுத்திருந்தனர். 1972-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பெற்றகாலை, வேலன் ஜென்னிங்ஸ் முகவர் நீல் ரெஷனின் துணையால் தம் இசைத்தட்டைத் தாமே உருவாக்கும் உரிமை பெற்றார். கொலம்பியா நிறுவனத்திடம் அத்தகைய உரிமை பெற்ற வில்லி நெல்சன், 1975-இல் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்னும் இசைத்தட்டை மிகச் சில கருவிகளோடு அமைத்தார். முற்றுப்பெறாத பதிவோ என நிறுவனத்தார் ஐயுற்ற அது, பெருவெற்றி கண்டது.

எனினும் ஆட்சி முற்றும் நீங்கியதாகக் கொள்ளற்க. 1976-இல் ஆர்.சி.ஏ. நிறுவனமே, இவ்விருவர் முதலியோரின் பழைய பதிவுகளைப் பெரும்பாலும் தொகுத்து, 'சட்டத்திற்கு அடங்காதார்' எனப் பொருள்படும் பெயரிட்டு வெளியிட்டது. பத்து இலக்கம் படிகளுக்குரிய பிளாட்டினச் சான்று பெற்ற முதற் கன்ட்ரி இசைத்தட்டு அதுவே. அடங்காமையும் விலைப்பொருளாயிற்று.

இவற்றால், கலைஞரின் உரிமை குரல்வளத்தால் மட்டும் அமையாது, ஒப்பந்தத்தின் சொற்களாலும் அமைவது என்பது பெறப்படும். ஆதலின் இசைவரலாறு எழுதப்புகுவோர், பாட்டின் பொருளையும் பண்ணையும் ஆராய்வதோடு அமையாது, அதன் உரிமை எவரிடம் இருந்தது என்பதையும் ஆராய்தல் கடனாம்.