கொடிவழி மென்பொருளும் சிங்கப்பூர்த் தமிழர் சான்றுமூலங்களும்: மேற்கோள் வார்ப்புருக்கள் பற்றிய ஒரு நோக்கு

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கோயில், இதழ், சங்கம் ஆகிய பொது நிறுவனங்களைச் சுற்றியே அமைந்துள்ளன. 1819ஆம் ஆண்டில் இராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில், 1887இல் தோன்றிய சிங்கை நேசன், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு என நாம் நிரல்படுத்தும் செய்திகள் யாவும் பொதுவாழ்வைச் சார்ந்தவை. தனிக் குடும்பங்களின் வரலாறோ ஓரத்திலேயே நின்றுவிட்டது. அண்மைக் காலத்தில் அதனைக் கணினிவழித் தொகுக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. எனினும், தொகுப்போர் கையாளும் மென்பொருள் எத்தகைய சான்றுகளை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டது என்னும் வினா நம்மவரிடையே போதிய அளவு எழவில்லை. இக்கட்டுரை அவ்வினாவையே ஆராய முற்படுகின்றது.

கொடிவழி மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஜெட்காம் என்னும் வடிவம், அமெரிக்காவின் மார்மன் திருச்சபையினரால் 1984இல் உருவாக்கப்பட்டது. நெடுங்காலம் வழக்கிலிருந்த 5.5ஆம் பதிப்பு 1996இல் வெளிவந்தது. அதில் ஒரு மூலத்திற்கு ஆசிரியர், தலைப்பு, வெளியீட்டு விவரம், இருப்பிடம் போன்ற சில புலங்களே உண்டு. ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்க எண்ணும், 0 முதல் 3 வரையிலான நம்பகத் தரமும் சேர்க்கலாம். அச்சுநூலுக்கு இது போதும். கையெழுத்துப் பதிவேட்டுக்கோ கல்லறைக் கல்லுக்கோ போதாது. எலிசபெத் ஷவுன் மில்ஸ் 2007இல் வெளியிட்ட 'எவிடென்ஸ் எக்ஸ்பிளெயின்ட்' என்னும் நூல் இக்குறையை உணர்த்தி, ஆவண வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேற்கோள் அமைப்பை வகுத்தது. அதன்பின் மென்பொருள்களில் மூல வார்ப்புருக்கள் பரவலாயின. 2020இல் வெளிவந்த 'பேமிலி ஹிஸ்டோரியன்' 7ஆம் பதிப்பு, பயனரே தமக்கு வேண்டிய வார்ப்புருவை அமைத்துக்கொள்ள இடமளித்தது. அம்மென்பொருளுக்கான செருகுநிரல்கள் பிரேசில் நாட்டில் 1993இல் பிறந்த லுவா மொழியில் எழுதப்படுகின்றன. நிரலாக்கம் ஓரளவு அறிந்தவர் அவற்றைத் திருத்தியும் கொள்ளலாம்.

திருத்த வேண்டிய தேவை என்ன? நம் சான்றுகளின் இயல்பை நோக்கினால் அது விளங்கும். மேலை நாட்டார் கொடிவழியின் முதுகெலும்பு திருமணப் பதிவேடு. சிங்கப்பூரில் முஸ்லிம் திருமணங்களைப் பதிவதற்கு 1880ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இந்துக்களின் நிலை வேறு. மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வரும்வரை வழக்கப்படி நடந்த மணங்கள் பல எப்பதிவேட்டிலும் ஏறவில்லை. சிராங்கூன் சாலைக் குடும்பம் ஒன்றின் 1950ஆம் ஆண்டுகளின் மணத்திற்கு இன்று எஞ்சும் சான்று பெரும்பாலும் ஒரு திருமண அழைப்பிதழ், ஒரு புகைப்படம், மூத்தோர் நினைவு ஆகியவையே.

அழைப்பிதழைச் சற்று விரிவாக நோக்குவோம். மணமக்கள், இருவீட்டுப் பெற்றோர், பூர்வீக ஊர், மணம் நிகழும் கோயில் அல்லது மண்டபம், அழைப்போரின் உறவுமுறை என ஒரு பதிவேடும் தராத செய்திகளை அஃது ஒரே தாளில் தருகின்றது. ஆயினும் அது நிகழ்ச்சிக்கு முன்னர் அச்சிடப்பட்டது. மணம் நிகழவிருந்தது என்பதற்கே அது சான்று. நிகழ்ந்தது என்பதற்கு அன்று. ஆகவே, வேறு ஆதாரம் கிட்டும்வரை அதற்கு உயர்ந்த நம்பகத் தரம் வழங்குதல் முறையாகாது. மேலும், நாள் தமிழ் ஆண்டுப் பெயரால் மட்டும் குறிக்கப்பட்டிருக்கக் கூடும். விகாரி ஆண்டு என்பது 1959-60ஐயும் குறிக்கும். 60 ஆண்டுக்கு முன்பின்னாக 1899-1900, 2019-20 ஆகியவற்றையும் குறிக்கும். எனவே வார்ப்புருவில் அச்சிலுள்ளவாறே நாளைத் தருவதற்கு ஒரு புலமும், ஆய்வாளர் கணித்த ஆங்கில நாளுக்கு மற்றொரு புலமும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், கணிப்பு பிழையானபோது மூலத்தின் சொல்லும் உடன் அழிந்துவிடும்.

கல்லறைச் சான்றின் நிலை இன்னும் கவலைக்குரியது. மேல் சிராங்கூன் சாலையை ஒட்டியிருந்த பிடாடாரி இடுகாட்டின் கிறிஸ்தவப் பகுதி 1908இல் திறக்கப்பட்டது. 1972இல் அடக்கம் நிறுத்தப்பட்டு, 2001ஆம் ஆண்டுக்குப்பின் கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. (வித்தியாதரி என்னும் வடசொல்லே மலாய் வழியாகப் 'பிடாடாரி' ஆனது, தேவமகளிர் பெயர்கொண்ட அந்நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.) சுவா சூ காங் இடுகாட்டிலும் 1998 முதல் அடக்க காலம் 15 ஆண்டு என வரையறுக்கப்பட்டுள்ளது. எனவே, கல்லறையை மேற்கோளாகக் காட்டுவோர் கல்லின் எண், வாசகம் ஆகியவற்றோடு தாம் நேரில் படித்த நாள், படித்தவர் பெயர், புகைப்படத்தின் இருப்பிடம், அகற்றப்பட்ட ஆண்டு ஆகியவற்றையும் பதிய வேண்டும். இங்கிலாந்தின் ஊர்த் திருச்சபைக் கல்லறையை மனத்திற்கொண்டு அமைத்த வார்ப்புருவில் இறுதிப் புலத்திற்கு இடமிராது.

வாய்மொழிச் சான்றுக்கு வேறொரு கவனம் வேண்டும். 1979இல் தோன்றிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவின் நேர்காணல்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவெண்ணும் ஒலிச்சுருள் எண்ணும் இட்டு வைக்கப்பட்டுள்ளன. பக்க எண் என்னும் புலத்தில் சுருள் எண்ணையும் நேரத்தையும் இடுவது இயலும். ஆனால் பேசிய மொழியையும், நாம் ஒலியைக் கேட்டோமா எழுத்துப்படியைப் படித்தோமா என்பதையும் தனியே குறிப்பதே நேர்மை. நகரத்தாரைப் பொறுத்தவரை இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஆவணம் உண்டு. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் தொழில்புரிந்தோரின் கொடிவழிக்கு ஊர், கோயிற் பிரிவு, விலாசம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. ஆயத்த வார்ப்புருவில் இவற்றைத் தேடுதல் வீண்.

பெயர்ச் சிக்கல் இவை அனைத்தையும் ஊடுருவி நிற்கின்றது. ஜெட்காம் குடும்பப் பெயரைச் சாய்கோடுகளுக்கிடையே வைக்கும். நம்மவர் பெயரில் எஸ்/ஓ, டி/ஓ என்னும் குறிகளுக்குப்பின் வருவது தந்தை பெயர். அதனைச் சாய்கோடுகளுக்குள் இட்டால் தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பத்தாராகிவிடுவர். பட்டப்பெயரை இட்டால் தொடர்பற்ற பலர் ஒரே குடும்பமாகி விடுவர். சிராங்கூன் சாலை வணிகரும் கொடையாளருமாகிய பி. கோவிந்தசாமி பிள்ளை மக்கள் வழக்கில் பி.ஜி.பி. என்றே அறியப்பட்டார். முழுப்பெயர், முதலெழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆகியவற்றுள் எந்த ஆவணம் எவ்வடிவத்தைத் தருகின்றதோ அவ்வடிவத்தை மேற்கோளில் அப்படியே காத்தல் வேண்டும்.

இனிச் செருகுநிரலைத் திருத்தும்போது எழும் இடர்கள். நிரல் பெரும்பாலும் வார்ப்புருவையும் புலங்களையும் அவற்றின் குறியீட்டுப் பெயர்களைக் கொண்டே அடையாளம் காணும். நாம் 'பதிவாளர்' என்னும் புலத்தை நீக்கி 'அழைப்போர்' என்று வைத்தால், பழைய பெயரைத் தேடும் நிரல் வெறுமையையே பெறும். சில வேளைகளில் பிழையும் காட்டாது. எனவே புலப்பெயர்களை நிரலின் தொடக்கத்தில் ஒரே அட்டவணையில் தொகுத்துக்கொள்வது நன்று. வார்ப்புரு மாறும்போது அவ்வட்டவணையை மட்டும் திருத்தினால் போதும்.

எழுத்துச் சிக்கல் நுட்பமானது. லுவா சரத்தைப் பைட்டுகளாகவே எண்ணும். 'கோ' என்னும் எழுத்து யூனிகோடின் யுடிஎப்-8 முறையில் ககரக் குறியும் ஓகாரக் குறியுமாக 6 பைட்டு. பெயரின் முதலெழுத்தை வெட்டித் தலைப்பெழுத்தாக்கும் ஆங்கிலவழி நிரல் கோவிந்தசாமிக்குச் சிதைந்த குறியைத் தரும். குறியீடு நோக்கி வெட்டினாலும் 'க.' என்றே தரும். மேலும், ஓகாரத்தை ஏகாரக் குறியும் காலும் சேர்த்து எழுதினால் அதே எழுத்து 9 பைட்டாகும். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. தேடலில் இரண்டும் பொருந்தா. ஒருமைப்படுத்தும் படி ஒன்றை நிரலில் முதலிலேயே சேர்த்தல் வேண்டும். கணினித் தமிழில் இத்தகைய சிக்கல்களை இந்நகரம் முன்பே எதிர்கொண்டது. நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 1997ஆம் ஆண்டுத் தமிழ்நெட் மாநாடு இங்குத்தான் கூடியது. அக்காலத்துத் தனி எழுத்துருக்களில் தட்டச்சிட்ட குடும்பக் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே செருகுநிரலிடம் ஒப்படைக்கலாம்.

இறுதியாக, தரவு இடம்பெயரும்போது நேரும் இழப்பு. பயனர் அமைத்த புலங்கள் ஜெட்காமில் அடிக்கோட்டுடன் தொடங்கும் தனிக் குறிகளாகவே செல்லும். அவற்றை அறியாத மென்பொருள் புறக்கணித்துவிடலாம். சிங்கப்பூர், ஈப்போ, தேவகோட்டை என மூன்றிடங்களில் வாழும் உறவினர் மூன்று மென்பொருள்களைக் கையாளும் நிலையில் இது சிறு இழப்பன்று. 2021இல் வெளிவந்த 7.0 பதிப்பு, தனிக் குறிகளின் பொருளை இணைய முகவரி ஒன்றால் அறிவிக்க வழிசெய்துள்ளது. எனினும் பெறும் மென்பொருள் அதனைப் படித்தறிதல் வேண்டும். ஆதலின், நாம் திருத்தும் செருகுநிரல் ஒவ்வொரு மேற்கோளின் முழு வாசகத்தையும் தொடர்களாக அமைத்து, எம்மென்பொருளும் படிக்கும் பொதுக் குறிப்புப் புலத்திலும் ஒரு படி எழுதிவைக்குமாறு அமைதல் வேண்டும்.