படகோட்டி இல்லாத படகு: நோர்போக் ஆறுகளில் நான்கு நாட்கள்

“எல்லாருக்கும் அந்தச் சட்டை இருக்கோ?”

இறங்குதுறையில் எங்களுக்கான படகைக் கண்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். சட்டை என்று அவர் சொன்னது உயிர்காப்பு அங்கியை. ஆறு பேருக்கும் ஆறு அங்கிகள் இருக்கின்றன என்று காட்டிய பிறகுதான் படகில் கால் வைத்தார்.

கடந்த ஓகஸ்ட் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை. எங்காவது நான்கு நாட்கள் போகலாம் என்று அக்கா சொன்னபோது, அத்தான் ஆற்றில் படகு எடுப்போம் என்றார். படகோட்டியோடு வரும் படகு என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஓட்ட வேண்டியது நாங்களே என்று.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பலர் இப்போது பிள்ளைகளைப் பார்க்கப் பிரித்தானியாவுக்குப் போய் வருகிறார்கள். அங்கேயே வாழ்பவர்களும் விடுமுறைக்கு இப்படியான படகுகளைத் தேடுகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கள் பயணத்தோடு சேர்த்து அறிந்தவற்றையும் எழுதுகிறேன்.

வெட்டிய குழிகளே ஏரிகள்

லண்டனிலிருந்து காரில் சுமார் மூன்று மணித்தியாலத் தூரத்தில், கிழக்கு இங்கிலாந்தின் நோர்போக், சஃபோக் மாவட்டங்களில் இருக்கிறது ‘புரோட்ஸ்’ என்னும் நீர்நிலைப் பிரதேசம். பியூர், ஆன்ட், தேர்ண், யெயார், வேவ்னி முதலான ஆறுகளும், அவற்றோடு இணைந்த ஆழமற்ற ஏரிகளும் சேர்ந்ததே இது. படகு போகக்கூடிய நீர்வழி மட்டும் 200 கிலோமீற்றர் வரை நீள்கிறது. மற்றைய ஆங்கிலேயக் கால்வாய்களில் உள்ளதுபோல் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகள் இந்த வழியில் இல்லை. முதன்முறை படகு ஓட்டுபவர்கள் இங்கே வருவதற்கு அது ஒரு காரணம்.

இந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. 1950களில் ஜோய்ஸ் லாம்பேர்ட் என்ற தாவரவியலாளர் அடிமண்ணைத் துளையிட்டு ஆராய்ந்தபோது, ஏரிகளின் கரைகள் செங்குத்தாகவும் அடித்தளம் சமமாகவும் இருப்பதைக் கண்டார். அவை மனிதர் வெட்டிய குழிகள். விறகு குறைந்த அந்தப் பகுதியில், மத்திய காலத்து மக்கள் ‘பீற்’ எனப்படும் எரியக்கூடிய மக்கு மண்ணைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி அடுப்பெரித்தார்கள். பின்னர் கடல்மட்டம் உயர, குழிகளில் நீர் ஏறியது. எங்கள் ஊரில் கல்லுடைத்த கிடங்குகளில் மழைநீர் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது இலகுவில் விளங்கும்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான புரோட்ஸ் அதிகார சபை 1989 முதல் இந்தப் பிரதேசத்தை நிர்வகிக்கிறது. வேக எல்லை, படகு கட்டும் இடம், பாதுகாப்பு விதிகள் எல்லாம் அதன் பொறுப்பு.

முதல் ஒரு மணித்தியாலம்

இங்கே வாடகைப் படகு ஓட்ட அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கார் ஓட்டத் தெரியாதவரும் எடுக்கலாம். அதனால்தான் படகை ஒப்படைக்கும்போது தரப்படும் விளக்கம் அவ்வளவு முக்கியமாகிறது. வேறு பயிற்சி எதுவும் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை.

வ்ரொக்ஸம் துறையில் ஒருவர் எங்களோடு படகில் ஏறி, சிறிது தூரம் ஓட்டிக் காட்டினார். படகுக்குப் பிரேக் இல்லை. நிறுத்த வேண்டுமானால் எஞ்சினைப் பின்னோக்கிப் போட வேண்டும், அதுவும் வேலை செய்ய நேரமெடுக்கும். சுக்கானைத் திருப்பினால் கார்போல முன்பக்கம் மட்டும் திரும்பாது, பின்பக்கம் மறுபுறமாக வீசும். ஆற்றில் வலப்பக்கமாகப் போக வேண்டும். பாய்மரப் படகு வந்தால் எஞ்சின் படகுதான் வழிவிட வேண்டும். இருட்டிய பின் வாடகைப் படகு ஓட்டக்கூடாது.

மருமகன் வைஃபை கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான். அக்கா குசினியில் பாத்திரங்களை எண்ணினார். அத்தானின் கண் முழுக்கச் சுக்கானில். அம்மா மட்டும் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் என்னிடம் சொன்னார்: “ஆராவது தண்ணிக்குள்ள விழுந்தா முதல் என்ன செய்யிறது எண்டு கேள்.”

கேட்டேன். முதலில் புரொப்பெல்லர் சுழல்வதை நிறுத்த வேண்டும். விழுந்தவரைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. மிதவையையோ கயிற்றையோ எறிய வேண்டும். காப்பாற்றவென்று இன்னொருவர் குதிக்கக்கூடாது. புரொப்பெல்லர் பின்பக்கத்தில் இருப்பதால், எஞ்சின் ஓடும்போது அங்கே ஒருவரும் விளிம்பில் நிற்கக்கூடாது. அம்மா கேட்டிராவிட்டால் இவ்வளவு விபரமாக நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

அம்மா ஏன் கேட்டார் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவுத் தரைப்பாதை மூடப்பட்டிருந்தபோது, குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தே வன்னிக்குப் போய் வந்தார்கள். அந்தப் பயணத்தில் கரை சேராமல் போனவர்கள் பலர். 1993இல் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அப்படிக் கடந்தார். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு அவர் சிறு படகில் ஏறியதில்லை.

நடை வேகத்தில் ஒரு பயணம்

நாங்கள் போன பாதை இது. முதல் நாள் வ்ரொக்ஸமிலிருந்து பியூர் ஆற்றின் வழியே சோல்ஹவுஸ் ஏரி, ஹோர்னிங் கிராமம் தாண்டி ரான்வேர்த். இரண்டாம் நாள் சென் பெனற் மடத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, தேர்ண் ஆற்றில் பொட்டர் ஹெய்கம் வரை. மூன்றாம் நாள் திரும்பி வந்து ஆன்ட் ஆற்றில் ஹவ் ஹில். நான்காம் நாள் வ்ரொக்ஸம்.

வரைபடத்தில் பார்த்தால் தூரம் சிறியதாகத் தெரியும். ஆனால் வேக எல்லை மணிக்கு 3 முதல் 6 மைல், அதாவது 5 முதல் 10 கிலோமீற்றருக்குள். பல இடங்களில் கரையில் நடப்பவர் உங்களை முந்துவார். வேகமாகப் போனால் எழும் அலை கரையை அரித்து, நாணல் வேர்களையும் பறவைக் கூடுகளையும் கெடுக்கும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் ஓட்டினாலே போதும்.

ரான்வேர்த்தில் சென் ஹெலன் தேவாலயத்தின் கோபுரத்தில் 89 படிகளும், அதன் மேல் ஏணிகளும் ஏறினால் சுற்றியுள்ள ஏரிகள் தெரியும். சென் பெனற் மடத்தின் வாயிற் கட்டடத்துக்குள் 18ஆம் நூற்றாண்டில் ஒரு காற்றாலையைக் கட்டியிருக்கிறார்கள். நோர்விச் ஆயர் இன்றும் அந்த மடத்தின் தலைவராகக் கருதப்படுகிறார். ஓகஸ்ட் முதல் ஞாயிறன்று அவர் பழைய சரக்குப் பாய்ப்படகில் வந்து அங்கே வழிபாடு நடத்துவது வழக்கம். பிரித்தானியாவில் இந்தப் பிரதேசத்தில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் சுவலோடெயில் வண்ணத்துப்பூச்சியை மே இறுதி முதல் யூலை நடுப்பகுதி வரையே அதிகம் காணலாம். ஓகஸ்டில் போன எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

கையை உள்ளுக்கு எடு

ஓட்டுவதைவிடக் கட்டுவதுதான் கடினம். ரான்வேர்த் துறையில் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து, மற்றப் படகுகளின் இடையில் செருக வேண்டும். பக்கத்திலிருந்து காற்று. அத்தான் இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை எங்கள் படகு பக்கத்துப் படகை நோக்கிச் சரிந்தது. பதினான்கு வயது மருமகன், மோதாமல் தள்ளிவிட நினைத்துக் காலை வெளியே நீட்டினான்.

“காலை உள்ளுக்கு எடு!” என்று அம்மா போட்ட சத்தத்தில் கரையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எடுத்துவிட்டான். இரண்டு படகுகளும் ‘டொம்’ என்று முட்டின. இடையில் தொங்கிய இரப்பர் மிதவை நசுங்கியது. வேறு ஒரு சேதமும் இல்லை.

கிளாலியில் ஒரு எஞ்சின் படகு பல படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும். அலையில் அவை ஒன்றோடொன்று மோதும். விளிம்பைப் பிடிக்காதே, கையை உள்ளுக்கு வைத்திரு என்று ஓட்டி திரும்பத் திரும்பச் சொன்னதை அம்மா மறக்கவில்லை. இங்கேயும் அதுவே விதி. பல தொன் எடையுள்ள படகைக் கையாலோ காலாலோ தடுக்க முடியாது. மிதவைகள் அதற்காகத்தான் தொங்குகின்றன. கரைக்குப் பாயவும் கூடாது, படகு கரையைத் தொட்ட பின் இறங்க வேண்டும்.

ஆற்றோட்டத்தை எதிர்கொண்டு வந்து கட்டுவது இலகு, நீரே பிரேக் போலப் படகை மெதுவாக்கும். இந்த ஆறுகளில் கடலின் வற்றுப்பெருக்கு உண்டு என்பதால் கயிற்றை இறுக்கிக் கட்டாமல் சிறிது தளர்வு விட வேண்டும்.

பாலம் சொன்னால் கேட்க வேண்டும்

பொட்டர் ஹெய்கமில் 14ஆம் நூற்றாண்டுக் கற்பாலம் ஒன்று இருக்கிறது. நடுவளைவு மிகத் தாழ்வு. வழிகாட்டி இல்லாமல் வாடகைப் படகுகள் அதன் கீழ் போக அனுமதியில்லை. அப்பால் போனால் ஹிக்ளிங் என்ற மிகப் பெரிய ஏரியைப் பார்க்கலாம் என்பது அத்தானின் ஆசை. ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் அந்த நேரத்தில் உள்ள இடைவெளியைக் காட்டும் அளவுப்பலகை உண்டு. படகின் உயரம் சுக்கானுக்கு அருகே எழுதப்பட்டிருக்கும். பலகையின் எண் எங்கள் படகின் உயரத்தைவிடக் குறைவு. அத்தான் சிறிது நேரம் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படகைக் கட்டினார். நாங்கள் பாலத்துக்கு மேலே நடந்து போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

முதன்முறை போகிறவர்கள் எங்களைப்போல வடபகுதி ஆறுகளோடு நிற்பது நல்லது. வடக்கிலிருந்து தெற்கே போக கிரேட் யார்மவுத் நகரைத் தாண்ட வேண்டும். அங்கே நீரோட்டம் பலமானது, பாலங்கள் தாழ்வானவை. நீர் வற்றி ஓட்டம் அடங்கும் குறுகிய நேரத்தில்தான் கடக்க வேண்டும்.

குசினியும் குளிரும்

படகில் எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம், குளிக்கும் இடம் எல்லாம் உண்டு. தண்ணீர்த் தாங்கியை நாளுக்கொரு தடவை நிரப்ப வேண்டும். சோறும் பருப்பும் சமைக்கலாம், மீன் பொரித்தால் மூன்று நாளைக்கு வாசம் போகாது.

இரவில் குளிர்கிறதென்று அம்மா, கதவிலிருந்த காற்றுத் துவாரங்களில் துவாயைச் செருகிவிட்டார். அத்தான் உடனே எடுத்தார். அடுப்பும் சூடாக்கியும் உள்ள சிறிய இடத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் காபன் மொனொக்சைட்டு வாயு சேரலாம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்கு இன்னொரு போர்வை கேட்டு வாங்கலாம்.

தூண்டில் கொண்டு போகிறவர்கள் கவனிக்க: 13 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மார்ச் 15 முதல் யூன் 15 வரை ஆற்றில் தூண்டில் போடத் தடை. பிடித்த மீனைத் திரும்ப விடுவதே அங்குள்ள வழக்கம்.

ஹவ் ஹில்லில் ஓர் இரவு

கடைசி இரவு ஹவ் ஹில்லில் நாணலுக்கருகே கட்டியிருந்தோம். எஞ்சின் நின்ற பிறகு நீர் படகில் தட்டும் சத்தம் மட்டும். பத்து வயது மருமகள் கேட்டாள்: “அம்மம்மா, நீங்க முந்தி போட்ல போனப்போ லைஃப் ஜக்கெட் போட்டிருந்தீங்களா?”

“இல்லை” என்றார் அம்மா. பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். வெளிச்சம் இல்லாமல் போனது, படகுக்குள் ஊறிய தண்ணீரை அக்கா பேணியால் இறைத்தது, நான் அழாமலிருக்க வாய்க்குள் விசுக்கோத்து வைத்தது. இறைத்தது எனக்கு நினைவிருந்தது. விசுக்கோத்து விடயம் அன்றுதான் தெரிந்தது. மருமகன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலை அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு படகின் முன்பக்கம் போய் இருந்தார். அங்கி போட்டபடிதான். வ்ரொக்ஸம் வரும்வரை உள்ளே வரவில்லை.

படகு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வைஃபை, தொலைக்காட்சி, கட்டிலின் அளவு எல்லாவற்றையும் பிறகு கேளுங்கள். படகை ஒப்படைக்க வருபவரிடம், வீட்டில் தண்ணீருக்கு ஆகப் பயந்தவரை முதலில் கேள்வி கேட்க விடுங்கள்.