கேட்டவர்களும் கொடுத்தவர்களும்

'பாட்டுக் கேட்டார்' என்று தமிழில் எழுதினால் இரு பொருள் கொள்ள இடமுண்டு. செவியால் கேட்டார் என்றும் கொள்ளலாம். இன்ன பாட்டு வேண்டும் என்று வாய்திறந்து கேட்டார் என்றும் கொள்ளலாம். இரண்டையும் ஒருங்கே நடத்தி வைத்தது வானொலியின் 'நேயர் விருப்பம்'.

கொள்ளிடத்துக்கு வடக்கே, முந்திரிக் காடுகளும் சுண்ணாம்புக்கல் பூமியுமாக விரியும் அரியலூர்ச் சீமையில் விக்கிரமங்கலம் போன்ற ஊர்களுக்கு அருகில் இருந்த நிலையம் திருச்சி. 1939 மே 16 அன்று தொடங்கப்பட்ட நிலையம் அது. ஆனால் பாட்டு வந்ததோ கடல் கடந்து, கொழும்பிலிருந்து. 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரக்குறைவானவை என்று கருதினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. அதனால் ஆதாயம் பெற்றது இலங்கை வானொலி. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் காது மயில்வாகனத்தின் குரலிலும், பின்னாளில் கே.எஸ். ராஜாவின் குரலிலும், அப்துல் ஹமீதின் குரலிலுமே இருந்தது. அமைச்சர் ஒருவரின் இசை ரசனை அண்டை நாட்டு வானொலியை வாழவைத்த கதை தனியாக எழுதத் தக்கது.

அந்நாளில் கடிதம் எழுதியவர்கள் பாட்டுக்காக மட்டும் எழுதவில்லை. தம் பெயரும், வீட்டார் பெயரும், ஊர்ப் பெயரும் காற்றில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதினார்கள். பாட்டைவிடப் பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்த நாள்களும் உண்டு. தபால்தலைக்கு ஆன காசைத் தவிர அதற்கு வேறு விலை இல்லை.

விலை வைத்தவர்களும் இருந்தார்கள். பாட்டைக் கேட்பவர் ஒரு தொகையைத் தர வேண்டும், அந்தத் தொகை நலிந்தோர்க்குப் போகும் என்ற ஏற்பாடு இன்று பல நாட்டு வானொலிகளில் அறச்செயலாகவே அறியப்படுகிறது. மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களுக்கு இவ்வகையில் நிதி திரட்டலாம் என்று கேட்டால் எவருக்கும் நெஞ்சு இளகும். எமக்கும் இளகுகிறது. எனினும் இந்த ஏற்பாட்டின் பழைய வரலாற்றைப் புரட்டும்போது வந்து நிற்கும் இடம் இனிமையானதன்று. அது 1936-ஆம் ஆண்டின் பெர்லின்.

அவ்வாண்டு ஜெர்மன் வானொலியில் ஹைன்ஸ் கோடெக்கே என்ற அறிவிப்பாளர், 'குளிர்கால நிவாரணம்' என்ற நாஜி அரசின் நன்கொடை இயக்கத்துக்காக 'வுன்ஷ்கோன்சர்ட்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். விருப்பக் கச்சேரி என்று பொருள். நன்கொடை தருபவர் பாட்டைக் கேட்கலாம்; அவர் பெயர் வாசிக்கப்படும். போர் மூண்டதும் 1939 அக்டோபர் 1 முதல் இது படைவீரர்களுக்கான நிகழ்ச்சியாக உருமாறியது. போர்முனையிலிருப்பவர்க்கு வீட்டில் குழந்தை பிறந்த செய்தியை அறிவிப்பாளர் வாசிப்பார். அடுத்து அவர் கேட்ட பாட்டு ஒலிக்கும். ஞாயிறுதோறும் நாடே வானொலியைச் சுற்றி அமர்ந்தது. 1940-இல் அதே பெயரில் திரைப்படமும் வந்து இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. 1941 மே வரை 75 நிகழ்ச்சிகள் நடந்தன. நம் நேயர் விருப்பத்தில் நாம் கண்டு மகிழ்ந்த பெயர், உறவு, பாட்டு என்ற மூன்றும் அங்கேயும் இருந்தன.

அதே அக்டோபர் மாதத்தில்தான் ஹிட்லர் இன்னொரு தாளில் கையெழுத்திட்டார். செப்டம்பர் 1 என்று முன்தேதி இடப்பட்ட அந்தக் கடிதம், குணமாகாதவர்கள் என்று மருத்துவர்கள் முடிவு செய்தோரைக் கொல்ல அனுமதி தந்தது. மனநோய் உற்றோரும் உடல், மனக் குறைபாடு உடையோருமாக 70,000-க்கும் மேற்பட்டோர் 1941 ஆகஸ்டுக்குள் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். அதன் பிறகும் பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் தொடர்ந்தன. ஒருபுறம் ஏழைக்கும் வீரனுக்கும் இரங்கிப் பாடிய நாடு, மறுபுறம் தன் ஊனமுற்ற பிள்ளைகளைச் 'சுமை' என்று கணக்கிட்டது. யாருக்கு இரங்குவது என்பதையும் அந்த அரசே முடிவு செய்தது.

அந்த ஜெர்மனியிலிருந்து 1939 மார்ச்சில் குடும்பத்தோடு தப்பி இங்கிலாந்து சேர்ந்தவர் யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்த படைவீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் படுத்தே நாள் எண்ணிச் சாவார்கள் என்பது அந்நாளைய எதிர்பார்ப்பு. குட்மன் அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்துப் புண் ஆற்றினார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பந்தும் வில்லும் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 14 ஆண்களும் 2 பெண்களுமாக 16 பேர் மருத்துவமனைப் புல்வெளியில் அம்பெய்தார்கள். 1960-இல் ரோமில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் கூடினார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் பிறப்பு இதுதான். அந்தப் புல்வெளியில் எவரும் இரக்கத்துக்காக அம்பெய்யவில்லை, எண்ணப்பட்டது புள்ளி.

இரக்கம் என்ற இந்தச் சொல்லில்தான் பின்னாளைய சண்டை மூண்டது. அமெரிக்காவில் 1938 ஜனவரியில் எடி கேண்டர் என்ற வானொலி நகைச்சுவையாளர், இளம்பிள்ளைவாத நிதிக்காக ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னார். நாணயங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அந்த நிதி சால்க் தடுப்பூசி வரை துணைநின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிதிச் சுவரொட்டிகளில் ஊன்றுகோலோடு நின்ற குழந்தையின் முகம், வளர்ந்தவர்களுக்கு அவமானமாகவும் பட்டது. 1992-இல் லண்டனில் தொலைக்காட்சி நிதிதிரட்டு நிகழ்ச்சி ஒன்றின் வாசலில் மாற்றுத்திறனாளிகளே திரண்டு, எங்களுக்கு வேண்டியது உரிமை, இரக்கம் அன்று என்று முழங்கினார்கள்.

ஆகவே ஸ்வீடன் வானொலி 2018 டிசம்பரில் செய்ததை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். நெதர்லாந்து வானொலி ஒன்று 2004-இல் உத்ரெக்ட் நகரச் சதுக்கத்தில் கண்ணாடி அறை அமைத்து, மூன்று அறிவிப்பாளர்களை உண்ணாமல் உள்ளே அமர்த்தி, பாட்டுக்குப் பணம் பெற்றுச் செஞ்சிலுவைக்கு அனுப்பியது. அந்த வடிவத்தை ஸ்வீடன் 2008 முதல் எடுத்தாண்டது. 2018-இல் லுண்ட் நகரில் 144 மணி நேரம் நடந்த நிகழ்ச்சியின் பொருள் மாற்றுத்திறனாளிகள். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று அது. ஆனால் அவர்கள் வைத்த தலைப்பில் 'உதவுங்கள்' என்ற சொல் இல்லை. வேறுபட்டு இயங்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்பதே தலைப்பு. ஏறத்தாழ 5 கோடி குரோனா சேர்ந்தது. பெர்லினில் இருந்த அதே பொறிதான், பெயரும் பாட்டும் பணமும்தான். ஊனத்தைச் சுமை என்று எண்ணிய கணக்கு மட்டும் இங்கே இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர், 1972-இல் ஹைடல்பர்கில், ஆம், ஜெர்மனியில்தான், 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018-இல். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டினார். அதன் பின்னர் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. 2024-இல் பாரிஸில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ ஆகியோரோடு அவரும் பதக்கம் பெற்றார். அப்போதும் அரசு பரிசு தந்தது. நல்லது. ஆனால் இவையெல்லாம் பதக்கத்துக்குப் பின்னர் வரும் பணம். ஓடுவதற்கான செயற்கைக் கால், பந்தயச் சக்கர நாற்காலி, மாநிலப் போட்டிக்குப் போக இரயில் கட்டணம், கூட வரும் ஒருவருக்கான கட்டணம் ஆகிய யாவும் பதக்கத்துக்கு முன்னர் தேவைப்படுபவை. வென்றவரைக் கொண்டாட அரசும் நிறுவனங்களும் இருக்கின்றன. இன்னும் வெல்லாதவரைத் தாங்க, ஆளுக்கு ஐம்பதும் நூறுமாகத் தரக்கூடிய பெயர் தெரியாத நேயர்கள்தாம் வேண்டும். பாட்டுக்குப் பணம் பெறும் ஏற்பாட்டை, அதன் பெர்லின் நாள்களை அறிந்த பின்னும், நாம் தள்ளிவிடாததற்கு இதுவே காரணம். அதற்கு எமக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒலிவாங்கி அந்த வீரர் கையில் இருக்கட்டும். தன் ஓட்ட நேரத்தையும் தாண்டிய உயரத்தையும் அவரே சொல்லட்டும்; அழுகுரல் பின்னணி இசை வேண்டாம்.

திருச்சியிலிருந்து என்றேனும் ஒரு மாலை இப்படியொரு நேயர் விருப்பம் ஒலிக்குமானால், விக்கிரமங்கலத்திலிருந்து போகும் முதல் விண்ணப்பத்தை இப்போதே ஊகித்துவிடலாம். வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரும் இருக்கும், தொகை நூறு ரூபாய் இருக்கும், பாட்டு எம்.ஜி.ஆர். படத்துப் பாட்டாக இருக்கும்.