கொற்றலையாறு நகரத்துக்குத் திரும்பிய வரலாறு

ஊத்துக்கோட்டையைத் தொட்டு ஓடுவது ஆரணியாறு. அதற்குத் தெற்கே, பூண்டியையும் தாமரைப்பாக்கத்தையும் கடந்து கடலுக்குப் போவது கொற்றலையாறு. இந்த இரண்டாம் ஆற்றின் நீர்மேல் முதல் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கான விடை, காலனி ஆட்சியில் தலைகீழானது. அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததன்று.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, இந்த ஆறு பாயும் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாங்கிய சீமையைக் கம்பெனி அவருக்கே குத்தகைக்கு விட்டது. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் பாழாயின. பின்னர் கம்பெனியே நேரடியாக வரி தண்ட முனைந்தபோது, உடைந்த ஏரிகள் குறுக்கே நின்றன. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரி மராமத்தில் காட்டிய அக்கறைக்கு வருவாயே அடிப்படை. கரை நின்றால் விளைச்சல், விளைந்தால் வரி. குடிகளிடம் அவர் கடுமையாக நடந்துகொண்டவர்தான். ஆனாலும் ஏரி நிரம்புவதில் சர்க்காரின் ஆதாயமும் உழவரின் ஆதாயமும் அன்று ஒன்றாகவே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பிணைப்பை அறுத்தது 1872. அதுவரை சென்னை கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு ஏழுகிணற்று நீர் போயிற்று. பொறியாளர் பிரேசரின் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொற்றலையாற்றை அணை மறித்தது. நீர் கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் என்னும் புழல் ஏரிக்கும் திரும்பியது. பிறகு திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம் சேர்ந்து, இரும்புக் குழாய்களில் நகரத்துக்குள் நுழைந்தது. பாசன ஏரி குடிநீர் ஏரியானது. ஆற்று நீருக்கு உழவரைத் தவிர வேறொரு உரிமையாளர் முளைத்தது இங்குதான். இந்த ஆற்றின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பது என் முடிவு. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையமும் நீரேற்றும் எந்திரங்களும் வந்தபின், நகரத்தின் பிடி மேலும் இறுகியது.

அடுத்த கட்டத்தை முன்னெடுத்தவர் காலனி அதிகாரியல்லர். 1939-40-இல் சென்னை மேயராக இருந்த காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி, போர்க்காலத்திலும் விடாது வாதாடிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு ஒப்புதல் பெற்றார். 1940 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்ற சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் மறைந்தார். 1944 ஜூனில் திறக்கப்பட்ட அணையை அவர் பார்க்கவில்லை. சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் தந்ததாகச் சொல்லப்படும் திருவெண்பாக்கத்துப் பழைய கோயிலிடம் தேக்கத்துள் மூழ்க, கோயில் பூண்டிக்கு இடம்பெயர்ந்தது. கோயிலுக்கு மாற்றிடம் கிடைத்ததைப் போல உழவரின் நீருரிமைக்கு எது கிடைத்தது என்ற கேள்வியை, அணையைப் புகழ்ந்து எழுதுவோர் கேட்பதே இல்லை. தேசிய இயக்கமும் நகரத்தின் தாகத்தையே முதலில் கண்டது.

விடுதலைக்குப் பிறகும் ஆற்றின் திசை மாறவில்லை. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர்ப் பகுதிகளின் நிலத்தடி நீரும் நகரத்துக்காக இறைக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்தது. ஆந்திரத்துடன் செய்த 1983 ஒப்பந்தத்தின்படி அங்குள்ள கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து வெட்டப்பட்ட கால்வாயில் 1996-இல் கிருஷ்ணா நீர் வந்தபோது, அது தமிழக எல்லையைத் தொட்ட இடம் ஊத்துக்கோட்டை. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் ஓடி அது சேர்வதும் பூண்டியில்தான்.