முதுகுவலியும் வட ஆற்காடும்

இடுப்பில் தொடங்கிக் கால்வரை இழுக்கும் வலிக்கு நரம்பே காரணம் என்று இத்தாலிய மருத்துவர் கொட்டுன்யோ 1764-ல் எழுதினார். அந்த நரம்பை அழுத்துவது எது என்று தெளிவாக 170 ஆண்டுகள் ஆயின. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள டிஸ்க் பிதுங்குவதே காரணம் என்று அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் விளக்கினர். அதுவரை அந்தப் பிதுக்கத்தைக் கட்டி என்றே பலர் நினைத்தனர்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். 1989-ல் தனி மாவட்டமான திருவண்ணாமலை அப்போது வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மூட்டை சுமந்தும் நாற்று நட்டும் இடுப்பொடிந்த மக்களுக்குச் சுமார் 80 கி.மீ. தொலைவிலேயே அந்த வசதி வந்தது.

டிஸ்க் பிதுக்கத்தின் வலி பெரும்பாலும் சில வாரங்களில் அறுவை சிகிச்சை இன்றியே தணிந்துவிடும். ஆனால் கால் பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.