நனைந்தாலும் குளிராத உடை

ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் முக்குளிக்கப் போகிறவர்களுக்குக் குளிர் ஒரு பெரிய விஷயமே இல்லை. நம் கடல்நீர் ஏறக்குறைய 28, 29 டிகிரி செல்சியஸ் இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மான்டெரே விரிகுடாவில் கதை வேறு. வடக்கிலிருந்து வரும் நீரோட்டமும், ஆழத்திலிருந்து மேலேறி வரும் நீரும் சேர்ந்து, அங்கே கடல் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிக்குள்தான் இருக்கும். காற்றைவிட நீர் நம் உடற்சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு யோசனையே மந்தமாகிவிடும். கடலுக்கடியில் இருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யனும் அக்குவாலங் என்ற மூச்சுக் கருவியை உருவாக்கினார்கள். 1940களின் கடைசியில் அது கலிபோர்னியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, மூச்சுக்கு வழி பிறந்துவிட்டது, குளிருக்குத்தான் வழியில்லை. சிலர் கம்பளிச் சட்டையோடு இறங்கினார்கள். சிலர் மெல்லிய ரப்பரால் ஆன உலர் உடையை, அதாவது உள்ளே நீர் புகாத உடையை, போட்டுப் பார்த்தார்கள். பாறையில் உரசி ஓர் ஓட்டை விழுந்தால் போதும், நீர் உள்ளே புகுந்து உடை பயனற்றுப் போய்விடும். அப்போது எல்லாருடைய கவலையும் ஒன்றுதான்: நீர் புகாமல் எப்படித் தடுப்பது?

கேள்வியே தப்பு என்று கண்டுகொண்டவர் ஹியூ பிராட்னர். முதல் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். அப்போது பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். கடற்படை முக்குளிப்பாளர்களுக்காக யோசிக்கத் தொடங்கியவர், 1951 ஜூன் மாதம் லாரி மார்ஷல் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உடை தயாரிக்கும் பொருளுக்குள்ளேயே காற்று சிறைப்பட்டிருந்தால், உடம்பு நனைந்தாலும் சூடு போகாது என்பதுதான் அதன் சாரம். பலரும் இன்றுவரை, உடைக்குள் புகுந்த நீர் சூடாகி உடம்பைக் காக்கிறது என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சூட்டைத் தடுத்து நிறுத்துவது நுரை ரப்பரில் உள்ள வாயுக் குமிழ்கள். அதனால்தான் 10 மீட்டர் ஆழத்தில், அழுத்தம் இரு மடங்காகி அந்தக் குமிழ்கள் சுருங்கும்போது, உடை மெலிந்து குளிர் மறுபடியும் தாக்குகிறது.

நுரை நியோப்ரீனைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னவர் வில்லர்ட் பாஸ்கம் என்ற பொறியாளர். இந்த நியோப்ரீனுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1922இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, இலங்கைத் தோட்டங்களின் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 1925இல் விலை எகிறியது. அதிகமாக ரப்பர் வாங்கிய நாடு அமெரிக்கா. அதற்குக் கோபம் வராதா? செயற்கை ரப்பரைத் தேடும் முயற்சி அங்கே சூடுபிடித்தது. 1930இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் காரதர்ஸ் குழுவினர் நியோப்ரீனை உருவாக்கினார்கள். நம் முன்னோர் விடியற்காலையில் வெட்டிய பால்மரங்களின் விலை ஏற்றத்தாழ்வு, சுற்றி வளைத்து மான்டெரே முக்குளிப்பாளரின் முதுகுவரை வந்து சேர்ந்திருக்கிறது! பாடநூலில் ஸ்டீவன்சன் திட்டத்தை விலை, கூலி என்ற அளவோடு முடித்துவிடுகிறோம். இந்த நீட்சியையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

பிராட்னரின் உடையைக் கடற்படை ஏற்கவில்லை. குமிழ்கள் இருப்பதால் சோனார் கருவியில் வீரர்கள் எளிதில் அகப்பட்டுவிடுவார்கள் என்ற பயம். அவரும் நண்பர்களும் எட்கோ என்ற சிறு நிறுவனம் தொடங்கி விற்றுப் பார்த்தார்கள், பெரிதாக ஓடவில்லை. சந்தையைப் பிடித்தவர்கள் வேறு பேர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1952இல் அலைச்சறுக்குக் கடை திறந்த ஜாக் ஓநீல், ரெடோண்டோ கடற்கரையில் கடை நடத்திய மெய்ஸ்ட்ரல் இரட்டையர். இவர்கள் விற்ற உடைகளால்தான் குளிர்கடல் முக்குளிப்பு சாதாரண மக்களின் வார இறுதிப் பொழுதுபோக்காக மாறியது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், வெட்சூட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பல ஆண்டுகளாக ஓநீல் பெயரோ மெய்ஸ்ட்ரல் பெயரோதான் வந்தது. விளம்பரத்தில் இருந்த பெயர் வரலாற்றிலும் ஏறிவிட்டது.

பிராட்னர் பெயரில் காப்புரிமை கிடையாது. அவர் பக்கம் இருந்தவை பழைய கடிதங்கள் மட்டுமே. 1998இல், அவர் பின்னாளில் பணியாற்றிய ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு அந்தக் கடிதங்களைத் தேதிவாரியாக எடுத்து வைத்தது. ஓநீல் கடை திறப்பதற்கு முந்தைய ஆண்டின் தேதி, 1951 கடிதத்தில் தெளிவாக இருக்கிறது. 2008இல் பிராட்னர் இறந்தபோது, வெட்சூட்டின் தந்தை என்றே பத்திரிகைகள் அவரைக் குறிப்பிட்டன.