ட்ரையம்ப் டிஆர்6 டைமிங் அட்டவணையும் ஐடிலிங் சூடும்: ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கச் சந்தைக்கென உருவான ட்ரையம்ப் டிஆர்6 கார்கள் நெரிசலில் நிற்கும்போது சூடேறுகின்றன என்றால் பழி ரேடியேட்டர் மீது விழுவதே வழக்கம். இதுவரையான ஆய்வுகளில் ஒரு சாரார் படிவு, தெர்மோஸ்டாட், விசிறி என்ற வரிசையைத் தாண்டியதில்லை. பணிமனைக் கையேட்டின் டைமிங் அட்டவணையை அவர்கள் எஞ்சினின் இயல்பு நிலைக்குச் சான்றாகவே கொள்கிறார்கள். அந்த அட்டவணைக்குள்தான் சூட்டின் காரணம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககாலக் கார்புரேட்டர் டிஆர்6-க்குக் கையேடு இரண்டு எண்களைத் தருகிறது. எஞ்சின் ஓடாத நிலையில், பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு 10 டிகிரி முன்பு தீப்பொறி. ஐடிலிங்கில், மேல்முனையைக் கடந்து 4 டிகிரி பின்பு. முந்தைய வாசிப்பு இவற்றை ஒரே அமைப்பின் இரு அளவீடுகளாகக் கருதி, ஓடும் எஞ்சினில் எடுக்கப்படுவதால் இரண்டாவதே நம்பகமானது என்கிறது. இங்கேதான் இடறல். சாதாரண டிஸ்ட்ரிபியூட்டரில், எஞ்சின் ஓடத் தொடங்கினால் எடைகள் விரிந்து தீப்பொறியை முன்னே தள்ளும். பின்னே இழுக்க அவற்றால் ஆகாது. ஆனால் இந்த அட்டவணையில் தீப்பொறி கிராங்க் தண்டின் சுழற்சியில் 14 டிகிரி பின்வாங்குகிறது. அதைப் பின்னே இழுப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் பொருத்தப்பட்ட வெற்றிட ரிடார்டு கேப்சூல். திராட்டில் மூடியிருக்கும்போது மட்டும் அது இழுக்கும், திறந்ததும் விட்டுவிடும். ஆக, 4 டிகிரி என்பது கார் நிற்கும்போதும் வேகம் குறையும்போதும் மட்டும் செல்லுபடியாகும் எண்.

அந்த நிலைகளுக்கு மட்டும் ஏன் தனி எண்? 1968 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள், 140 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின்களின் புகையில் ஹைட்ரோகார்பனைப் பத்து லட்சத்தில் 275 பங்குக்கும், கார்பன் மோனாக்சைடை 1.5 சதவீதத்துக்கும் வரம்பிட்டன. டிஆர்6-இன் 2498 சிசி எஞ்சின் இந்த வகையில்தான் விழுகிறது. சோதனைச் சுழற்சியில் ஐடிலிங்கும் வேகக் குறைப்பும் அடங்கியிருந்தன. தீப்பொறி தாமதித்தால் புகை அதிகச் சூட்டோடு வெளியேறும். எரியாமல் மிஞ்சிய ஹைட்ரோகார்பன் புகைவழியிலேயே எரிந்து தீரும். கேப்சூலின் வேலை இதுதான்.

இதற்கு எதிராக எழும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாமதமான தீப்பொறி சிலிண்டருக்குள் உச்ச வெப்பநிலையைக் குறைக்கிறது. சுவர் வழியே கூலன்டுக்குப் போகும் வெப்பமும் குறைய வேண்டுமே? எரிபொருளின் அளவு மாறாதிருந்தால் இது பெருமளவு சரி. ஐடிலிங்கில் அது மாறாமல் இருப்பதில்லை. அங்கே மாறாமல் வைக்கப்படுவது எஞ்சினின் வேகம். தாமதமாக எரியும் கலவை பிஸ்டனை முழுமையாகத் தள்ளுவதில்லை. அதே வேகத்தைத் தக்கவைக்கத் திராட்டிலைக் கூடுதலாகத் திறந்துவைக்க வேண்டும். நிமிடத்துக்கு எரியும் பெட்ரோல் கூடுகிறது, ஆனால் உழைப்பு கூடுவதில்லை. சோற்றை இறக்கிய பிறகு அடுப்பில் விறகைத் திணிப்பது போல, கூடுதல் சூடு சுற்றியுள்ளவற்றுக்கே போகிறது. புகை வெளியேறும் வழி சிலிண்டர் ஹெட்டுக்குள் நீர்ச்சட்டையால் சூழப்பட்டிருப்பதால், அந்தச் சூட்டின் ஒரு பகுதி கூலன்டில்தான் சேரும். எத்தனை டிகிரி கூடும் என்பது காருக்குக் கார் மாறலாம். கூடும் என்பதில் மாற்றமில்லை.

பிரிட்டன் சந்தையின் பெட்ரோல் இன்ஜெக்ஷன் டிஆர்6-ஐ இதற்குச் சாட்சியாக அழைக்க நான் தயங்குகிறேன். அதன் அழுத்த விகிதம் 9.5, தொடக்ககால அமெரிக்கக் காருடையது 8.5. கேம் தண்டும் வேறு. அதைவிட நல்ல சாட்சி அட்லாண்டிக்கின் மறுகரையில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அதே காலத்துக் கார்கள் பலவற்றில் கூலன்டின் சூட்டை உணரும் வெற்றிட ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தியது. ஐடிலிங்கில் சூடு எல்லை மீறினால், அது டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேனிஃபோல்டின் முழு வெற்றிடத்தையும் திறந்துவிடும். தீப்பொறி முன்னேறும், ஐடிலிங் வேகம் உயரும், எஞ்சின் தணியும். தாமதமான டைமிங்குக்கும் கூலன்டின் சூட்டுக்கும் தொடர்பில்லை என்றால் இந்த ஸ்விட்சுக்கு வேலையே இல்லை.

ரேடியேட்டர் அடைப்பு என்ற விளக்கம் அதிக நேரம் கோருவதில்லை. அடைப்பு இருந்தால் வெப்ப உற்பத்தி உச்சத்தில் இருக்கும் நெடுஞ்சாலை வேகத்திலேயே அது முதலில் தெரிந்துவிடும். விசிறியைக் குறை சொல்வோர் என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறார்கள். டிஆர்6-இன் விசிறி கிராங்க் தண்டின் முனையிலேயே சுழல்வது. ஐடிலிங்கில் அது இழுக்கும் காற்று சொற்பம். காற்று குறைந்த அதே கணத்தில்தான் கேப்சூல் சூட்டைக் கூட்டுகிறது.

இந்த முடிவை ஐடிலிங்குக்கு அப்பால் நீட்டக் கூடாது. முழுச் சுமையில் தீப்பொறியை அளவுக்கு மீறி முன்னே தள்ளினால் எஞ்சின் தட்டும், சூடும் கூடும். ஆனால் ஐடிலிங்கைப் பொறுத்தவரை, கையேட்டின் 4 டிகிரி புகை விதிக்காக வைக்கப்பட்ட எண். எஞ்சின் தன் நலத்துக்குக் கேட்ட எண் அல்ல. காரை மீட்டெடுப்போர் ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் டைமிங் விளக்கைக் கையில் எடுக்கட்டும். கையேட்டை மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள், ஓர் எண் எந்தச் சந்தைக்கு, எந்த ஆண்டுக்கு எழுதப்பட்டது என்பதையும் அதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.